எந்தக் காருக்குப் பொருந்தும் என்று பெட்டியிலேயே எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில், காரோடு வந்த ஸ்டீரியோவை மாற்றுவது பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தீர்கள். பழைய செட்டைக் கழற்ற வேண்டியது, புதிய செட்டை மாட்ட வேண்டியது, அவ்வளவுதான் வேலை என்கிற மாதிரி அது முடிந்துவிட்டது. அதை நம்பிக் கடைக்குப் போகிறவருக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கார் ஒயரிங் பழுது பார்ப்பதுதான் என் தொழில். செட் மாற்றிய பிறகு 'ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டன் வேலை செய்யவில்லை', 'ரேடியோ சரியாக எடுக்கவில்லை', 'ரெண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் ஏராளம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் இருந்தால் முழுவதையும் போடுங்கள்.

வருகிறவர்கள் ஒன்று செட் கம்பெனியைத் திட்டுகிறார்கள், இல்லையென்றால் மாட்டிக் கொடுத்தவரைத் திட்டுகிறார்கள். சில சமயம் அது நியாயம்தான். ஆனால் பெரும்பாலும் இந்த இருவருக்கும் முன்பே ஒரு குறை நடந்து முடிந்திருக்கிறது. இந்தக் காரில் இந்த செட்டைப் போட்டால் எது வேலை செய்யும், எது நின்றுபோகும், எதற்குத் தனியாக அடாப்டர் வாங்க வேண்டும் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பு யாரும் எழுத்தில் தருவதில்லை. கார் கம்பெனியும் தருவதில்லை, செட் கம்பெனியும் தருவதில்லை. அதைத் தர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு உள்ளே இருக்கும் விஷயங்களைச் சொன்னால்தான் புரியும்.

ஒரு காலத்தில் இது எளிதாகத்தான் இருந்தது. டேஷ்போர்டில் செட் உட்காரும் ஓட்டைக்கு ஓர் அளவு உண்டு: 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மனியில் பிறந்த டின் அளவு இது, பிறகு ஐ.எஸ்.ஓ. 7736 என்று உலகத் தரமாகவும் ஆனது. உயரத்தை இரட்டிப்பாக்கி 100 மில்லிமீட்டர் செய்தால் டபுள் டின். இந்த அளவில் எந்தக் கம்பெனி செட் வாங்கினாலும் உள்ளே போய் உட்காரும். அதிலேயே விதிவிலக்கு உண்டு: டொயோட்டா கார்கள் பலவற்றில் அகலம் 200 மில்லிமீட்டர், அதனால் சாதாரண டபுள் டின் செட்டை வைத்தால் இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும், அதை அடைக்கத் தனி ஃபிரேம் வேண்டும். இப்போதோ 9 அங்குலம், 10 அங்குலம் என்று திரை பெரிதாகிவிட்டது, ஒவ்வொரு காருக்கும் ஒரு ஃபிரேம். ஓட்டையின் ஆழத்தையும் பலர் பார்ப்பதில்லை. செட்டின் பின்னால் ஒயர் கொத்து, அடாப்டர், காரின் செய்தியை செட்டுக்குப் புரியவைக்கும் டிகோடர் பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஏசி டக்டின் மேல் வைத்து அழுத்தி மூடிவிடுகிறார்கள். நாளடைவில் அங்கே கப்ளர், அதாவது ஒயர்களைச் சேர்த்துச் சொருகும் பிளக், தளர்கிறது, ஒயர் நசுங்குகிறது.

சரி, அளவு பொருந்திவிட்டது. அடுத்தது கப்ளர். இதற்கும் ஐ.எஸ்.ஓ. 10487 என்று ஒரு தரம் இருக்கிறது. 8 பின் உள்ள இரண்டு கப்ளர்கள், ஒன்று மின்சாரத்துக்கு, இன்னொன்று நான்கு ஸ்பீக்கர்களுக்கு. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இதுதான் வந்தது. ஜப்பானிய, கொரிய, அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் அவரவர் வடிவத்தில் சொந்தக் கப்ளர் வைத்துக்கொண்டன. சொந்தக் கப்ளர் என்றால் ஒரு அடாப்டர் வாங்கிப் போட்டால் தீர்ந்தது, அது பெரிய பிரச்சினை இல்லை. வம்பு எங்கே வருகிறது என்றால், ஐ.எஸ்.ஓ. கப்ளர் மாதிரியே இருக்கும், அப்படியே சொருகும், ஆனால் உள்ளே 4-வது பின்னும் 7-வது பின்னும் இடம் மாறியிருக்கும். தரத்தின்படி 4-வது பின்னில் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட், 7-வதில் சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட். சில கம்பெனிகள் இதைத் திருப்பிப் போட்டுவிட்டன. அப்படிப்பட்ட காரில் புது செட்டைச் சொருகினால் பாடும், எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஆனால் சாவியை எடுத்ததும் கடிகாரம், சேமித்த ஸ்டேஷன், சவுண்ட் செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். வெளியில் வாங்கும் செட்டில் மஞ்சள் ஒயர் எப்போதும் இருக்கும் மின்சாரத்துக்கு, சிவப்பு சாவி மின்சாரத்துக்கு. இந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் போதும், வேலை முடிந்தது. பல அடாப்டர்களில் அதற்கென்றே நடுவில் கழற்றி மாற்றும் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். அது தெரியாதவர்கள் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரி மின்சாரத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். செட்டிங் அழிவது நின்றுவிடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். செட் மட்டும் சாவியோடு அணையாது. ஒவ்வொரு தடவையும் கையால் அணைக்க வேண்டும், மறந்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியில் வாங்கும் செட்களில் நிறங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி: வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது அந்த ஸ்பீக்கரின் மைனஸ். இது செட்டிலிருந்து வரும் ஒயருக்கு மட்டும்தான். காரிலிருந்து வரும் ஒயருக்கு அந்தக் கார் கம்பெனி வைத்ததுதான் நிறம். காரில் மஞ்சளாக ஒன்று இருக்கிறதே என்று மஞ்சளோடு மஞ்சளைச் சேர்ப்பது பேராபத்து. டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறையோடு போவது ஏர்பேக் ஒயராகவே இருக்கலாம். நிறத்தைப் பார்த்து ஒயர் சேர்க்கிற ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அந்த மாடலின் ஒயரிங் படத்தைப் பார்த்தோ, மீட்டர் வைத்து அளந்தோ சேர்க்கிறவரிடம் கொடுங்கள்.

சமீபத்தில் வந்த ஒரு காரைச் சொல்கிறேன். 'ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் பாட்டு நின்று நின்று வருகிறது, சில நேரம் அப்படியே போய்விடுகிறது' என்பது புகார். செட்டை முன்னால் இழுத்துப் பார்த்தேன். கம்பெனி கப்ளர் இரண்டையும் காணவில்லை. அடியோடு வெட்டி எடுத்துவிட்டு, ஒயர்களைக் கையால் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். உள்ளே இருக்கும் சூட்டில் டேப்பின் பசை இளகி, டேப் சுருள் சுருளாகத் தானே அவிழ்ந்து தொங்கியது. பின் ஸ்பீக்கர் ஒன்றின் மைனஸ் ஒயர், வெறும் செம்பாக, பக்கத்தில் இருந்த இரும்புப் பட்டையைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. இப்போதைய செட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் என்பது எர்த் கிடையாது, அதிலும் சிக்னல் ஓடும். அது பாடியைத் தொட்டால் உள்ளே ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஐசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், அடிக்கடி தொட்டால் செத்தே போகும். இதே காரணத்தால்தான் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே மைனஸ் ஒயர் ஓடும் மிகப் பழைய கார்களில் புது செட்டை அப்படியே இணைக்கக் கூடாது. ஸ்பீக்கருக்குப் புது ஒயர் இழுத்தாக வேண்டும். அந்தக் காருக்கு என்ன செய்தேன் என்றால், அதே மாடல் கப்ளர் தேடிப் பிடித்து, ஒவ்வொரு ஒயராக அளந்து கண்டுபிடித்துச் சேர்த்தேன். அடாப்டர் வாங்கியிருந்தால் சொருகுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது. கடைக்காரர்கள் 'கப்ளர் டு கப்ளர்' என்று சொல்கிறார்களே, அதன் அருமை ஒரு தடவை இப்படி ஒயர் தேடினால்தான் தெரியும்.

இதுவரை சொன்னது எல்லாம் பழைய காலத்துப் பிரச்சினை, மீட்டரும் பொறுமையும் இருந்தால் தீர்த்துவிடலாம். பெரிய தலைவலி கேன் பஸ் வந்த பிறகுதான். பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய தொடர்பு முறை இது, 1993-ல் ஐ.எஸ்.ஓ. 11898 என்று தரமானது. காரில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் இரண்டே ஒயரில் ஒன்றோடு ஒன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. கார் கம்பெனிக்கு இது பெரிய வசதி, ஒயர் மிச்சம், எடையும் குறைவு. ஆனால் ஸ்டீரியோவுக்கு வரவேண்டிய பல ஒயர்கள் இதனால் காணாமல் போய்விட்டன. சாவி போட்டால் வரும் 12 வோல்ட் ஒயர் செட்டின் கப்ளரில் இல்லவே இல்லாத கார்கள் நிறைய. 'சாவி போட்டாயிற்று, விழித்துக்கொள்' என்பதைச் செய்தியாகத்தான் அனுப்பும். ரிவர்ஸ் கியர் போட்டது, ஹெட்லைட் எரிவது, வண்டி ஓடும் வேகம் எல்லாமே செய்திதான். புது செட்டுக்கு அந்த மொழி தெரியாது. நடுவில் டிகோடர் பெட்டி ஒன்று இருந்து செய்தியைப் படித்து, தேவையான 12 வோல்ட்டாகவும் சிக்னலாகவும் மாற்றித் தர வேண்டும்.

அந்த டிகோடர் பெட்டியும் கார் மாடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், ஆண்ட்ராய்டு செட்டாக இருந்தால் செட்டிங்கிலும் போய் அந்த மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பான மாடலைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பட்டனை அழுத்த வேறொன்று நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது. இந்த ஒரு செட்டிங்கை மாற்றிக் கொடுத்தே அனுப்பிய கார்கள் உண்டு. கடையில் 'உங்கள் காரில் ஸ்டீயரிங் பட்டன் வராது சார்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தரம் குறைந்த டிகோடரில் இன்னொரு கெடுதலும் உண்டு. வண்டியைப் பூட்டிய பிறகு எல்லாப் பெட்டிகளும் உறக்கத்துக்குப் போக வேண்டும். அந்த டிகோடர் மட்டும் எதையாவது அனுப்பிக்கொண்டே இருந்தால் மற்றவையும் உறங்காது. பேட்டரி இறங்கும். வாடிக்கையாளர் பேட்டரியை மாற்றுவார், அதுவும் இறங்கும், அப்புறம் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படுவார். வண்டியைப் பூட்டி, சற்று நேரம் விட்டு, பேட்டரியிலிருந்து எவ்வளவு மில்லி ஆம்பியர் போகிறது என்று அளந்தால் உடனே தெரிந்துவிடும் குறை இது.

ஸ்டீயரிங் பட்டனில் இரண்டு வகை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, மேலே சொன்ன மாதிரி கேன் செய்தியாக வருவது, அதற்கு டிகோடர் வேண்டும். கேன் இல்லாத கார்களில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டர்; எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அதற்கேற்ப வோல்டேஜ் மாறும், ஒன்றிரண்டு ஒயரில் எல்லாம் வந்துவிடும். புது செட்டில் கீ 1, கீ 2 என்று இருக்கும் ஒயர்களை அதில் சேர்த்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் கற்றுக்கொடுத்தால் போதும். அதற்குத் தனிப்பெட்டி தேவையில்லாத காருக்கும் பெட்டி விற்கிறார்கள், பெட்டி இல்லாமல் முடியாத காருக்கு 'சேர்த்துப் பார்த்துக்கலாம்' என்கிறார்கள். எந்த வகை என்று காரின் கையேட்டில் ஒரு வரி இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

கம்பெனியிலேயே தனி ஆம்ப்ளிஃபயரோடு வரும் கார்கள் வேறு கதை. அவற்றில் ஸ்பீக்கரின் மின்தடை பெரும்பாலும் 2 ஓம், சிலவற்றில் அதற்கும் கீழே. வெளியில் வாங்கும் செட்டின் உள் ஆம்ப் 4 ஓமுக்காகச் செய்தது. ஆம்பை ஒதுக்கிவிட்டு நேரடியாக ஸ்பீக்கரைச் சேர்த்தால் சூடேறி அணையும், அல்லது போய்விடும். ஆம்பை வைத்துக்கொண்டே சேர்த்தால் அதை எழுப்ப நீலமும் வெள்ளையும் கலந்த ஒயரில் 12 வோல்ட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திரை எரியும், பாட்டு ஓடும், சத்தம் வராது. 'புது செட் டெட் பீஸ்' என்று திருப்பி அனுப்பியதில் எத்தனை இந்த ஒரு ஒயரால் போயிருக்குமோ. இன்னும் ஒரு வகையில் சிக்னல் ஆம்புக்கு ஒயரிலேயே போவதில்லை, பிளாஸ்டிக் இழையில் ஒளியாகப் போகிறது. மோஸ்ட் என்று பெயர். 2001-ல் வந்த பிஎம்டபிள்யூ 7 வரிசையிலிருந்து உயர்விலைக் கார்கள் பலவற்றில் பார்க்கலாம். அதில் எல்லாச் சாதனங்களும் ஒரு வளையமாக இணைந்திருக்கும். வளையத்தில் ஒன்றைக் கழற்றினால் வளையம் அறுந்துவிடும், மற்றவையும் ஊமையாகிவிடும். இப்படிப்பட்ட காரில் அதற்கான அடாப்டர் கையில் இல்லாமல் செட்டைத் தொடவே கூடாது.

இப்போது பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான். பல கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கை, கதவு திறந்திருக்கும் எச்சரிக்கை, பார்க்கிங் சென்சார் சத்தம், இண்டிகேட்டர் டிக் டிக் எல்லாமே ஸ்டீரியோ வழியாகத்தான் வருகின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இது நீண்ட நாளாகவே உண்டு. செட்டைக் கழற்றினால் அந்தச் சத்தங்களும் போய்விடும். அதற்கென்று ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கரோடு வரும் அடாப்டர்தான் வேண்டும். என்னிடம் வந்த ஒருவருக்கு, ரிவர்ஸ் எடுத்துத் தூணில் இடித்த பிறகுதான் சென்சார் சத்தம் வராததே தெரிந்தது. செட் மாட்டியவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் எந்தக் காகிதத்திலும் அது எழுதியிருக்கவில்லை.

கம்பெனி ரிவர்ஸ் கேமராவும் அப்படித்தான். எல்லாக் கேமராவும் 12 வோல்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டொயோட்டா கார்கள் பலவற்றில் கேமராவுக்குப் போவது 6 வோல்ட். அதில் 12 வோல்ட் கொடுத்தால் கேமரா போய்விடும். வோல்டேஜ் சரியாக இருந்தாலும் படத்தின் வகை பொருந்த வேண்டும். என்டிஎஸ்சி, பிஏஎல், ஏஎச்டி என்று பல வகை. செட்டிங்கில் தப்பாக இருந்தால் திரை நீலமாகவோ கறுப்பாகவோ நிற்கும், அல்லது படம் உருளும். அது போதாதென்று புதிய கார்களில் கேமரா படம் டிஜிட்டலாக வருகிறது, அதை வெளிச் செட்டுகள் பெரும்பாலானவை ஏற்காது. அப்போது நல்ல கேமராவை அப்படியே விட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே இன்னொரு கேமரா ஒட்ட வேண்டியதுதான். இதைப் பணம் கொடுக்கும் முன்பு சொன்னால் பாதிப்பேர் செட்டையே மாற்ற மாட்டார்கள். சந்தடி சாக்கில் இன்னொன்று: ஹேண்ட் பிரேக்கோடு சேர்க்க வேண்டிய ஒயரை எர்த்தில் சேர்த்து, வண்டி ஓடும்போதும் முன்னால் வீடியோ ஓட வைத்துத் தருகிறார்கள், அதை ஒரு சலுகை மாதிரி சொல்லியும் விற்கிறார்கள். தயவு செய்து கேட்காதீர்கள், கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏரியல் பற்றிச் சுருக்கமாக. முன்பு மோட்டரோலா பிளக் என்று ஒரே மாதிரி இருந்தது, இப்போது பல கார்களில் ஃபக்ரா என்ற சின்ன பிளாஸ்டிக் கப்ளர். நிறத்துக்கு நிறம் வேலை வேறு, நீலம் என்றால் ஜிபிஎஸ். வடிவத்தை மாற்றும் அடாப்டர் எங்கும் கிடைக்கும். ஆனால் கூரையில் இருக்கும் குட்டை ஏரியலும் கண்ணாடியில் பதித்த ஏரியலும் பெரும்பாலும் உள்ளே சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்று வைத்துக்கொண்டிருக்கும், அதற்கான 12 வோல்ட் அதே கேபிள் வழியாகத்தான் போக வேண்டும். பழைய செட் அனுப்பிக்கொண்டிருந்தது, புதியது அனுப்பாது. அதனால்தான் புது செட்டில் ரேடியோ இரைகிறது. மின்சாரம் ஏற்றித் தரும் அடாப்டராகக் கேட்டு வாங்கி, அதன் ஒயரை செட்டின் நீல ஒயரில் சேர்க்க வேண்டும். அப்புறம், ஜப்பானிலிருந்து பழையதாக இறக்குமதி ஆகும் கார்களை வாங்குகிறவர்கள் கவனிக்க: அங்கே எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 95-ல் முடிகிறது, பழைய செட்களில் 90-லேயே முடிந்துவிடும். மற்ற பெரும்பாலான நாடுகளில் 87.5 முதல் 108 வரை. அந்தக் காரில் செட்டை மாற்றுவது ஆசைக்காக இல்லை, அவசியத்துக்காக.

இவ்வளவு இருக்க, செட்டின் பெட்டி மேல் என்ன எழுதியிருக்கிறது? 'எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்' என்று ஒரு வரி. '50 வாட் பெருக்கல் 4' என்று பெரிய எழுத்தில். 14.4 வோல்ட்டில் ஒரு சாதாரண உள் ஆம்ப் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது 20 வாட்டைச் சற்றுத் தாண்டினால் பெரிது. 50 என்பது ஒரு கணம் எட்டும் உச்சம். அந்த இடத்தில் பயனுள்ள விவரத்தை எழுதலாமே. ஓட்டையின் அளவும் ஆழமும், ஸ்பீக்கர் குறைந்தபட்சம் எத்தனை ஓம் இருக்கலாம், எந்த வகைக் கேமரா ஏற்கும், ஏரியலுக்கு மின்சாரம் தருமா, ஸ்டீயரிங் பட்டனில் எந்த வகைக்குத் தனிப்பெட்டி வேண்டும், அணைத்து வைத்திருக்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கும். கார் கம்பெனியும் தன் பங்குக்குக் கையேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஸ்டீரியோ கப்ளரின் படத்தையும், அந்த செட்டைக் கழற்றினால் காரில் எவையெல்லாம் நின்றுபோகும் என்பதையும் அச்சிட வேண்டும். இந்த விவரம் அவர்களிடம் இருக்கிறது, அவர்களுடைய சர்வீஸ் ஆட்கள் பார்க்கும் படத்தில் எல்லாமே உண்டு. கார் நம்முடையது, விவரமும் நமக்கு வர வேண்டும். 'கம்பெனிக்கு வெளியே மாட்டினால் வாரண்டி போய்விடும்' என்று மிரட்டுவதற்குப் பதில் எப்படி மாட்டினால் கெடாது என்று சொன்னால் வாரண்டிச் சண்டையே பாதி குறையும்.

உங்கள் பத்திரிகையும் இதில் உதவலாம். புதுக் கார் விமர்சனத்தில் திரை எத்தனை அங்குலம் என்று எழுதுகிறீர்கள். அந்தத் திரையைக் கழற்ற முடியுமா, ஏசி கட்டுப்பாடும் கார் செட்டிங்கும் அதற்குள்ளேயே இருக்கின்றனவா என்று ஒரு வரி சேர்த்தால், 5 வருடம் கழித்து அந்தக் காரைப் பழையதாக வாங்கப் போகிறவருக்கும் அது பயன்படும். ஏசியும் செட்டிங்கும் திரைக்குள் இருக்கும் காரில் செட்டை மாற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. போனை இணைக்க வேண்டும் என்பதுதான் தேவை என்றால், கம்பெனி செட்டை விட்டுவிட்டு அதோடு சேர்க்கும் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இணைப்புப் பெட்டி அந்த மாடலுக்கு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சத்தம் போதவில்லை என்றால் ஸ்பீக்கரை மாற்றலாம், கம்பெனி செட்டின் ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் ஆம்ப் சேர்க்கலாம். திரையைத் தொடாமலே பாதித் தேவை நிறைவேறிவிடும்.

மாற்றத்தான் போகிறோம் என்று முடிவு செய்தவர்களுக்கு, டேஷ்போர்டை மூடும் முன் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்டீயரிங் பட்டனும், நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாக, தூரத்து ரேடியோ ஸ்டேஷன், ரிவர்ஸ் கேமரா, சென்சார் சத்தம், ஹெட்லைட் போட்டால் திரை வெளிச்சம் குறைகிறதா, சாவியை எடுத்துக் கதவைப் பூட்டினால் அணைகிறதா, திரும்பப் போட்டால் செட்டிங் இருக்கிறதா. பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும், ஆனால் அதற்கு முன் பழைய செட்டின் பாதுகாப்பு எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனி செட்கள் மின்சாரம் போய் வந்ததும் எண் கேட்கும், எண் இல்லாவிட்டால் பாடாது. வேறு காரிலிருந்து கழற்றிய கம்பெனி செட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதும் இதனால்தான் சிக்கல். ஃபோக்ஸ்வாகன், ஆடி போன்றவற்றின் புதிய செட்கள் தாங்கள் பிறந்த காரை ஞாபகம் வைத்திருக்கும், வேறு காரில் மாட்டினால் பூட்டிக்கொள்ளும்.

கழற்றிய பழைய செட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், 'எதுக்கு சார் இது, எடுத்துக்கிட்டுக் குறைச்சுக்கறேன்' என்பார்கள். கப்ளர் வெட்டாமல் இருந்தால் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பச் சொருகலாம். புது செட் கெட்டாலும், காரில் வேறு ஏதாவது பழுது வந்து காரணம் செட்டா காரா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தாலும், காரை விற்கும்போது வாங்குகிறவர் கேட்டாலும் அது கையில் இருக்க வேண்டும். அதன் திருகுகளையும் ஃபிரேமையும் பாதுகாப்பு எண் அட்டையையும் ஒரே பையில் போட்டு, மேலே காரின் எண்ணை எழுதி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கார் ஒயரிங் வேலை செய்யும் உங்கள் வாசகர்